அமலராணிக்கு வந்த வசனம்

அமலராணியின் முகம் எங்கள் கடையின் சொத்து. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமையும் உண்டு. மலைக்கோட்டைக்குக் கீழே, முகூர்த்த நாட்களில் கால் வைக்க இடமில்லாத ஒரு ஜவுளிக் கடையின் இரண்டாவது மாடியில் அவள் பட்டுப் பிரிவு, நான் பருத்திப் பிரிவு. இடையில் ஒரு தூண்தான். கடையில் உள்ள பட்டை எல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, இன்னும் நாலு கடை பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து போகிறவர்களுக்கும் சிரித்த முகத்தோடு போயிட்டு வாங்கக்கா என்பாள். எனக்கு அது வராது. புடவையை மடிக்கிற சத்தத்திலேயே என் கோபத்தைக் காட்டிவிடுவேன். புதிதாகச் சேரும் பெண்களுக்கு சூப்பர்வைசர் அவளைத்தான் காட்டுவார், முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று. என்னையும் காட்டுவார், எப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு.

அப்படிப்பட்டவள் இந்தத் தை மாதத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும் முகம் கொடுக்காமல் ஒளிந்துகொண்டிருந்தாள். அந்த ஒருத்தி அவளுடைய ஓரகத்தி யமுனா. அமலராணியின் கணவர் அருள்ராஜ். அவருடைய தம்பி பிரவீன்ராஜின் மனைவிதான் யமுனா. இரண்டு பேருக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்றால் எனக்கு உடனே புரிந்திருக்கும், எங்கள் வீட்டில் ஓரகத்திகள் மூன்று பேர்.

யமுனா அந்தநல்லூர்ப் பக்கம் வாழை போடும் குடும்பத்துப் பெண். அம்மா இல்லை. வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுடைய அப்பா ராசப்பன் மகள் இருக்கும் திசையில்கூடத் திரும்புவதில்லை. கல்யாணத்தன்று பெண் வீட்டார் என்று சொல்ல ஒரு ஆள் வராதபோது, அவளுக்குத் தலை பின்னி, புடவை கட்டி, கையைப் பிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப் போனவள் அமலராணி. அதிலிருந்து யமுனாவுக்கு எல்லாமே அக்காதான். ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதைக்கூட போன் போட்டுக் கேட்பாள். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது அந்த போன் வரும். அமலராணி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் பட்டை விரித்தபடியே புளிக்கணக்குச் சொல்லுவாள்.

காட்டூரில் அமலராணி குடும்பம், ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் யமுனா குடும்பம். நடுவில் காவிரியும் இரண்டு பஸ்ஸும். ஆனாலும் புதன்கிழமை வார விடுமுறை வந்தால் அமலராணி ஸ்ரீரங்கத்தில்தான் இருப்பாள். கல்யாணமாகி ஏழாவது வருடம் யமுனா உண்டானபோது, எங்கள் மாடி முழுக்கப் பால்கோவா கொடுத்தவளும் அவள்தான். கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது என்று தையல் போட்டு, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யமுனா நர்சரிப் பள்ளி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கிடந்தாள்.

இனி அந்த அட்டை விஷயத்துக்கு வருகிறேன். அமலராணியின் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு மேஜையில் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம், கடவுள் கொடுக்கும் வாக்கு. வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருடத்துக்கு அவர்களுக்குக் கடவுள் சொன்ன வார்த்தை. வாக்குத்தத்த அட்டை என்பார்கள். வர முடியாதவர்களுக்கு வீட்டு ஆள் எடுக்கலாம். ஆனால் யாருக்கு என்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அமலராணி இதை அப்படியே நம்புகிறவள். போன வருடம் அவளுக்குப் பொன்னை நெருப்பில் புடமிடுவது பற்றிய வசனம் வந்தது. சித்திரையில் அருள்ராஜ் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். பார்த்தாயா, வசனம் பேசுகிறது என்றாள் என்னிடம். வெல்டருக்குக் கை சுடாத வருடம் எது என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அந்தக் கை ஆறுவதற்குள் மூன்று மாதச் சம்பளம் போயிற்று, மகனுக்குக் கோயம்புத்தூரில் கிடைத்த வேலையும் போயிற்று. அவளுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. எனக்குத்தான் நாக்கு அடங்காது.

இந்தப் புத்தாண்டுக்கு யமுனா படுக்கையில் இருந்ததால், எனக்கும் ஒன்று எடுத்து வாருங்கள் அக்கா என்று சொல்லியனுப்பியிருந்தாள். அமலராணி மேஜைக்கு முன்னால் நின்று, முதலில் யமுனா என்று பெயர் சொல்லி ஒன்று எடுத்தாள். அடுத்து தனக்கு ஒன்று. இரண்டையும் வெளியே வந்து செருப்பு விடும் இடத்தில் நின்று பார்த்தாள். யமுனாவின் அட்டையில் சூரியன் உதிக்கிற படம். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பார், தம் முகத்தை உன்மேல் பிரகாசிக்கச் செய்து, உனக்குச் சமாதானம் தருவார் என்ற ஆசீர்வாதம். ஒவ்வொரு வாரமும் ஆராதனையின் கடைசியில் கையை உயர்த்திச் சொல்லும் அதே வார்த்தைகள். அமலராணியின் அட்டையில் நீலமாக ஒரு பெரிய அலை. நீ தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், நெருப்பில் நடந்தாலும் வேகமாட்டாய் என்ற வசனம்.

போன வருடம் நெருப்பு. இந்த வருடம் தண்ணீரும் நெருப்பும். அந்த அட்டையில் 'உன்னோடு இருப்பேன்' என்று எழுதியிருந்தது அவள் கண்ணில் படவே இல்லை. தண்ணீர்தான் பட்டது. இடது கையில் இருந்ததை வலது கைக்கும் வலது கையில் இருந்ததை இடது கைக்கும் மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. பின்னால் நின்ற அருள்ராஜ் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியாது. நான் அவளை நியாயப்படுத்தவில்லை. ஆனால் எப்போதும் கடைசிப் பந்தியில் உட்காருகிறவளுக்கு ஒரு தடவை முன் வரிசையில் இலை போட்டிருந்தால், அது யாருக்குப் போட்டது என்று கேட்க மனம் வருமா என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மத்தியானமே பிரியாணியும் கேக்குமாக மூலத்தோப்புக்குப் போனார்கள். யமுனா படுத்தபடியே அலை அட்டையை வாங்கி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அவளுக்கு இதுதான் முதல் அட்டை. தண்ணி, நெருப்பு என்றெல்லாம் இருக்கிறதே என்று கேட்டாள். நல்ல வசனம்தான், கர்த்தர் பார்த்துக்குவார் என்றாள் அமலராணி. யமுனா அதைத் தலைமாட்டில் இருந்த பீரோக் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டச் சொன்னாள். பிறகு அக்காவுக்கு என்ன வந்தது என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

சூரிய அட்டையைப் படித்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை அமலராணி எனக்குச் சொல்லும்போதெல்லாம் யமுனாவின் குரலிலேயே சொல்லுவாள்.

"ஏங்க்கா, எங்க ஊர்ல நாமதான் வரிசையில நின்னு பெருமாள் முகத்தப் பாக்கணும். கண்ணு நெறையப் பாக்குறதுக்குள்ள நகருங்க நகருங்கன்னு தள்ளிருவாங்க. உங்க சாமி அவரா திரும்பி நம்ம முகத்தப் பாக்குறாரா? பாத்து என்ன செய்வாரு?"

அமலராணிக்குப் பதில் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட ஆசீர்வாதம்தான். ஆனால் அதைச் சொல்லும் நேரத்தில் கண்ணை மூடியிருந்தாலும் மனசு மட்டும் குடை எங்கே, ஒன்பது மணி பஸ் போய்விட்டதா என்று கிளம்பிவிடும். பார்ப்பார், அவ்வளவுதான் என்று சொல்லி அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அது உனக்கு வந்தது என்று சொல்ல அப்போது ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை.

பொங்கல் வியாபாரம் முடிந்து, கல்யாணப் பட்டு வியாபாரம் தொடங்கிய வாரம். ஒரு மணப்பெண் வீட்டாருக்குக் கூரைப் புடவை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவளுக்கு போன் வந்தது. பிரவீன்ராஜ். இரண்டு வார்த்தைதான் கேட்டிருப்பாள். விரித்த புடவை மேலேயே கையை ஊன்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கு உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கும் பார்வையில் தானாக எழுந்துவிடுவோம். அன்று அவர் பார்த்தும் அவள் எழவில்லை. நான் போய்த் தூக்கினேன்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சாம் மேகலை. ஒரே தண்ணியாம்."

தண்ணி என்ற சொல்லை அவள் சொன்ன விதம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏழாவது மாதம் என்பதால் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். புத்தூர் அரசு மருத்துவமனையில் அன்று சாயங்காலமே பெண் குழந்தை பிறந்தது. ஒன்றேகால் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கண்ணை மூடிக் கட்டி, காமாலைக்காக நீல விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று அருள்ராஜ் வந்து சொன்னார். அமலராணி மறுநாள் ஆஸ்பத்திரி வாசல் வரை போனாள். யமுனா படுத்திருந்த வார்டின் கதவில் கை வைத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிக் கடைக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு போகவே இல்லை. பத்தியச் சாப்பாடு மட்டும் காலையில் சமைத்து, டப்பாவில் போட்டு, அருள்ராஜிடம் கொடுத்தனுப்பினாள். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தவறாமல் போயின. யமுனா போன் செய்தால், புதன்கிழமை லீவுகூடத் தரமாட்டேன் என்கிறார்கள், கல்யாண சீசன், நீ கவலைப்படாதே, கர்த்தர் பார்த்துக்குவார் என்பாள். அதைச் சொல்லும்போது தூணைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு இருந்தது. உன் பிரிவையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வா என்று நானே சூப்பர்வைசர் முன்னால் சொல்லியிருந்தேன். பட்டு வாங்க வருகிற முன்பின் தெரியாதவளுக்கெல்லாம் இளிக்கிறாய், தாயில்லாத பெண் தனியாகக் கிடக்கிறாள், அவளை எட்டிப் பார்க்க மாட்டாயா என்று சாப்பாட்டு நேரத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன்.

கடை மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் இடத்தில்தான் நாங்கள் சாப்பிடுவோம். அவள் டப்பாவை மூடிவைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு விடும் இடம், சூரியன், அலை, இடது கை, வலது கை.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிவகாசியில் அடித்த அட்டைக்குப் பனிக்குடம் உடையுமா என்று கேட்டேன். தையல் போட்ட கேஸ், டாக்டரே பயந்த கேஸ் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அட்டையால ஒடஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவ பேரச் சொல்லி எடுத்தத நான் வெச்சுக்கிட்டேன். எனக்கு வந்த தண்ணிய அவகிட்டத் தள்ளிவிட்டேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளப் பாக்குறது?"

அன்று அவள் சாப்பிடவில்லை, நானும் பாதியில் எழுந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். புதன்கிழமை மூலத்தோப்பு வீட்டுக்குப் போவது. யமுனா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிரவீன்ராஜ் குளிக்கவும் உடை மாற்றவும் வருவான். அந்த நேரத்தில் பீரோக் கண்ணாடியில் இருக்கும் அலை அட்டையைக் கழற்றிக்கொண்டு, சூரிய அட்டையை அங்கே ஒட்டிவிடுவது. யாருக்கும் தெரியாது. அவரவர் வசனம் அவரவரிடம் போய்ச் சேர்ந்துவிடும், தண்ணீர் தன் பக்கம் வந்துவிடும், குழந்தை பிழைத்துக்கொள்ளும். திருடியதைத் திருட்டுத்தனமாகவே திருப்பி வைக்கிற யோசனை. அப்படியே அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அந்தப் புதன்கிழமைக்கு நானும் லீவு போட்டேன். அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலம் வந்ததும் அவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆற்றில் கரைக்குக் கரை தண்ணீர்கூட இல்லை, நடுவில் ஒரு கோடுதான் ஓடிற்று. அதைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு எரிச்சலும் பாவமுமாக இருந்தது.

பிரவீன்ராஜ் கதவைத் திறந்தான். கூரியர் கம்பெனிச் சட்டையோடு இருந்தான், ஆள் பாதியாக இளைத்திருந்தான். அண்ணி வந்ததில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம், டீ போடுகிறேன் என்று உள்ளே ஓடினான். அமலராணி கைப்பையோடு நேராகப் பீரோவின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடியில் டேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. அட்டை இல்லை.

டீயோடு வந்த பிரவீன்ராஜ் அவள் எதைத் தேடுகிறாள் என்று புரிந்துகொண்டான். அதை யமுனா ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டாள், அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றான். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்தாயிற்று. இனி அதை ஒரு துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு மணிக்கணக்காகச் சாய்ந்து உட்கார வேண்டும், உடம்புச் சூட்டில்தான் எடை ஏறும். அந்த வார்டில் ஆண்களை விடுவதில்லை. மற்ற குழந்தைகளுக்கு ஆத்தா, அத்தை, சித்தி என்று மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். யமுனா மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் தூங்கப் போகும் நேரமெல்லாம் குழந்தை துணிச் சுருளில்தான் கிடக்கிறது. அதனால்தானோ என்னவோ, மற்ற குழந்தைகள் அளவுக்கு எடை ஏறவில்லை.

"வேற பொம்பளைங்களே இல்லையான்னு சிஸ்டர் தெனம் கேக்குறாங்க அண்ணி. உங்களுக்கு லீவு கெடைக்காதுன்னு தெரியும். அதான் யமுனா உங்களக் கேக்க வேணாம்னுட்டா."

நான் அமலராணியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானே அழுதிருப்பேன். அவள் டீ டம்ளரைத் தொடாமல் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. நேராகப் புத்தூர் பஸ் ஏறினோம்.

அந்த வார்டு வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே சாய்வு நாற்காலிகள். அம்மாவைத் தவிர ஒரு குழந்தைக்கு ஒரு ஆள்தான் என்பதால் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது, முதல் நாற்காலியே யமுனாவுடையது. பச்சை கவுனுக்குள் குழந்தையைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அமலராணி பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது உன்னோடது யமுனா. உன் பேரச் சொல்லித்தான் எடுத்தேன். நல்லா இருக்கேன்னு ஆசைப்பட்டு நான் வெச்சுக்கிட்டேன். உன்கிட்ட இருக்குறது எனக்கு வந்தது. அந்தத் தண்ணி எனக்கு வந்தது."

யமுனா அட்டையை வாங்கவில்லை. அவளுடைய இரண்டு கையும் குழந்தையைத் தாங்கியிருந்தன. கோபமா, புரியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அலை அட்டை அவள் போனின் பின்கவருக்குள், நீல ஓரம் தெரியும்படி, நாற்காலிக் கைப்பிடி மேல் கிடந்தது. அதைக் கண்ணால் காட்டினாள்.

"யாரோடதோ இருக்கட்டும். 'உன்னோட இருப்பேன்'னு போட்டிருந்துச்சு. எனக்கு உங்க சாமியப் பத்தி என்னக்கா தெரியும்? எடுத்துக் குடுத்தது நீங்க. நீங்க சொன்னதாத்தான் நான் படிச்சேன். தெனம் கதவத் தெறக்குற சத்தம் கேட்டா நீங்கதான்னு பாத்தேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அமலராணிக்குத் தாங்கியிருக்கும். அவள் அந்த இடத்திலேயே முழங்காலிட்டு, யமுனாவின் காலைப் பிடிக்கப் போனாள். யமுனா காலை இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாங்க்கா. எனக்கு முதுகு விட்டுப்போச்சு. போயி கை கழுவிட்டு, கவுன் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு வாங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, இன்று வரை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அமலராணி எழுந்தாள். வாசலுக்கு வந்து கைப்பையையும் அட்டையையும் என் கையில் திணித்துவிட்டுக் கை கழுவப் போனாள். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போதும் வாங்கம்மா என்று சிஸ்டர் கூப்பிட்ட பிறகுதான் குழாயை மூடினாள்.

சிஸ்டர் அவளை நாற்காலியில் சாய வைத்து, யமுனாவின் நெஞ்சிலிருந்து குழந்தையைப் பிரித்து எடுத்து அவள் நெஞ்சில் வைத்துத் துணியைச் சுற்றிக் கட்டினார். ஒரு உள்ளங்கை அகல முதுகு, சிவந்து சுருங்கிய காது. அமலராணியின் கண்கள் கூரையிலும் சுவரிலும் ஓடின, அந்தக் குழந்தையின் பக்கம் மட்டும் போகவில்லை. யாரை அவள் தண்ணீரில் தள்ளிவிட்டதாக நினைத்தாளோ அந்த உயிர் அவள் மேலேயே கிடந்தது.

"அங்க இங்க பாக்கக் கூடாதும்மா," என்றார் சிஸ்டர். "குழந்த மூஞ்சி மேல் பக்கமா, உங்களுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும். மூக்கு அடைபடுதா, மூச்சு விடுதா, உதடு நீலமாவுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நீங்க மூஞ்சியத் திருப்பிட்டா அதுக்கு வேற காவல் கெடையாது. போன் பாக்கக் கூடாது, தூங்கக் கூடாது."

அமலராணி குனிந்து பார்த்தாள். அவள் உடம்பு ஒரு தடவை குலுங்கிற்று. அழுகையை அடக்கினாள், நெஞ்சு குலுங்கினால் குழந்தை அசையுமே என்று. கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை, அதுபாட்டுக்கு ஓடிற்று. பக்கத்துக் கட்டிலில் யமுனா மெல்லச் சாய்ந்து படுத்தாள். எத்தனை நாள் தூக்கமோ, படுத்ததுமே கண் சொருகிற்று.

"நீ தூங்கு யமுனா," என்றாள் அமலராணி. பழக்கதோஷத்தில் அடுத்த வார்த்தையும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. "கர்த்தர் பா..."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

"நீங்க பாத்துக்கங்கக்கா," என்றாள் யமுனா கண்ணை மூடியபடி.

சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டார். நான் வராந்தா பெஞ்சில் இரண்டு கைப்பைகளோடு உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. பதினாலு வருடமாகத் தூணுக்கு அந்தப் பக்கம் நான் பார்த்தது, கடையில் எல்லோருக்கும் காட்டும் முகம். இது அது இல்லை. சிரிப்பில்லை, பூச்சில்லை, வீங்கிச் சிவந்து கிடந்தது. அந்தச் சிறிய வாய் ஒரு முறை திறந்து மூடியபோது, இவளுடைய வாயும் தானாகத் திறந்து மூடிற்று. பிறகு அந்தக் கண்கள் திறந்தன போலிருக்கிறது, அமலராணி மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். திருப்பவில்லை.

பொழுது போகாமல் மடியில் கிடந்த அட்டையை எடுத்துப் படித்தேன். ஆசீர்வதித்துக் காப்பார், முகத்தை உன்மேல் பிரகாசிக்கச் செய்வார், சமாதானம் தருவார். பார்த்து என்ன செய்வார் என்று யமுனா கேட்டது ஞாபகம் வந்தது. நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யமுனா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அமலராணி குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.